இட்டேரியில் வாகனங்களுக்கு இடமில்லை

"ஆரது வாரது? ஆரது வாரது?"

அந்தக் குரலை நான் கேட்டு எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. ஆள்காட்டிக் குருவியின் குரல். நெட்டை மஞ்சள் கால், கண்ணோரம் கொஞ்சம் சிவப்புத் தோல், எப்போதும் எதையோ தொலைத்துவிட்டது போல ஒரு நடை. அது கேட்பது ஒரே கேள்விதான். பதிலை எதிர்பார்த்துக் கேட்பதாகத் தோன்றாது. வருகிறவர் எப்படியும் வந்துவிடுவார் என்று தெரிந்தவர்கள் கேட்கிற கேள்வி அது.

ஒரு காட்டில் அப்படியோர் ஆள்காட்டி வாழ்ந்தது. காடு என்றதும் சிங்கத்தைத் தேட வேண்டாம். கொங்கு நாட்டில் காடு என்றால் மழையை நம்பிக் கிடக்கிற நிலம். இது மேய்ச்சல் காடு. கொழுக்கட்டைப் புல், அங்கங்கே ஒரு வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காட்டுக்குள் போகிற வழிக்கு இட்டேரி என்று பெயர். இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம், இரண்டு சக்கரத் தடம், தடங்களுக்கு நடுவே புல்லும் சரளைக்கல்லும்.

ஆள்காட்டிக்குக் கூடு கட்டத் தெரியாது. இட்டேரி நடுவில், சரளைக்கல்லோடு சரளைக்கல்லாக, கல்லின் நிறத்திலேயே முட்டையிடும். புத்திசாலித்தனமா, சோம்பேறித்தனமா என்று பறவைகளுக்குள்ளேயே அதுபற்றி இரண்டு கட்சி உண்டு. மாட்டுவண்டி வந்த காலத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆள்காட்டி கத்தும். காளை ஒரு பெருமூச்சு விட்டு, சக்கரத்தை ஒரு பக்கமாக ஒடித்து இழுத்துப் போகும்.

பிறகு டவுனிலிருந்து குரங்குகள் வந்தன, பைக்கில்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வரும். தலையில் ஹெல்மெட், ஹெல்மெட்டின் மேல் கேமரா, முழங்காலில் ஆமை ஓடு மாதிரி ஒரு கவசம். மழை பெய்த மறுநாள் கட்டாயம் வரும். சேறு தெறிப்பது படத்தில் நன்றாக விழுமாம். இட்டேரி குழம்பானதும் வேலியைப் பிரித்துப் புல்லுக்குள் இறங்கும். பின்சக்கரத்தை ஒரே இடத்தில் சுழலவிட்டுப் புல்லை வேரோடு வாரி இறைக்கும். அதற்கு 'இயற்கையோடு ஒரு நாள்' என்று பெயர் வைத்திருந்தன.

ஆள்காட்டி முதல் தடவை இட்ட முட்டைகள் அப்படித்தான் போயின. ஒரு குரங்கு திரும்பிப் பார்த்து, "மச்சி, கல்லு உடையற சத்தம் கேட்டுச்சா?" என்றது. அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை நாலு முட்டை இட்டதும், கணவனை அடைகாக்கச் சொல்லிவிட்டு ஆள்காட்டி காட்டுத் தலைவரைப் பார்க்கப் போனது.

தலைவர் ஓர் ஓணான். அது தலைவரானதற்குக் காரணம், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும். எல்லாக் கட்சிக்கும் அதைப் பிடித்திருந்தது.

"தலைவருங்க, ஞாயித்துக்கெழமைக்குள்ள பைக்கை நிறுத்தோணுங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா, இந்த மழைக்கு இனி முட்டை கிடையாதுங்க."

ஓணான் தலையாட்டியது. "நியாயந்தான் அம்மிணி."

"பலகை ஒண்ணு வெச்சுப்போடலாம்," என்றது பக்கத்தில் இருந்த கிளி.

கிளிதான் காட்டின் எழுத்தர். இருபது வருடம் ஒரு ஜோசியரிடம் சீட்டெடுத்துவிட்டு ஓய்வுபெற்றது. சீட்டுகளில் இருந்த சாமி படங்களையும் அடியில் இருந்த எழுத்துகளையும் பார்த்துப் பார்த்துப் படித்தது. அதனால் அதற்குத் தமிழ் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். கிளியும் நம்பியது.

"'பைக் வரக் கூடாது'ன்னு எழுதுங்க," என்றது ஆள்காட்டி.

கிளி கழுத்தைச் சாய்த்தது. "பைக் என்பது வேற்றுமொழி, அம்மிணி. பொதுப் பலகையில் அதெல்லாம் எழுதினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? 'இருசக்கர வாகனங்கள் உள்ளே வரக் கூடாது.' இதுதான் முறை."

ஓணான் தலையாட்டியது.

பலகை என்று கிடைத்தது, உடைந்த மாட்டுவண்டியின் பக்கப்பலகை ஒன்று. கிளி சுண்ணாம்பில் மூக்கைத் தோய்த்து அழகாக எழுத ஆரம்பித்தது. கிளிக்கு எழுத்து பெரிதாக இருந்தால்தான் திருப்தி. 'இருசக்கர' என்று முடிக்கும்போதே பலகையில் பாதி தீர்ந்துவிட்டது. அழித்துவிட்டு, அந்தச் சொல்லை விட்டுவிட்டு எழுதியது:

வாகனங்கள் உள்ளே வரக் கூடாது.

"சக்கரம் போச்சுங்களே," என்றது ஆள்காட்டி.

"சுருங்கச் சொல்வதுதான் அழகு," என்றது கிளி.

ஓணான் இதற்கும் தலையாட்டியது. இட்டேரி முகப்பில் கதவு மாதிரி முள் படல் ஒன்று கட்டி, பலகையை அதில் மாட்டி, காவலுக்கு உடும்பை நிறுத்தினார்கள். உடும்புக்குப் படிப்பு கிடையாது. ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடாது. அதற்கு வேலை கொடுத்தவர்கள் இந்த ஒரு தகுதியைத்தான் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. முதலில் வந்தது சாம்பல் நிற மயிலைக் காளை. தினமும் போகிற மேய்ச்சல்தான்.

உடும்பு படலை மறித்துப் படுத்தது. "நில்லுங்க. நீங்க வாகனமுங்களா?"

காளைக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "ஏம்ப்பா, உனக்குத் தெரியாது? பிரதோஷத்தன்னைக்குக் கோயிலுக்குப் போய்ப் பாரு. ஊரே எங்கொம்புக்கு நடுவுலதான் சாமியப் பாக்குது. ஆதிகாலத்துல இருந்து நாங்க சிவனுக்கு வாகனம்."

"அப்ப உள்ள போக முடியாதுங்க."

"என்னது?"

உடும்பு பலகையைக் காட்டியது. காளை கிளியைப் பார்த்தது. கிளி படலின் மேல் உட்கார்ந்திருந்தது. தான் எழுதியதன் பொருளை அதுவும் அப்போதுதான் யோசித்தது. யோசித்ததும், அதன் இருபது வருட அனுபவம் முழுவதும் கண்முன்னே வந்தது: சீட்டு, சீட்டில் சாமி, சாமிக்குக் கீழே வாகனம். வேறு வாகனம் எதையும் அது படித்ததில்லை.

"வாகனம் என்றால் சாமியைச் சுமப்பது," என்றது கிளி. "சட்டம் பொதுவானது. பெரிய இடம் என்று பார்க்க முடியாது."

காளை அவமானத்தோடு வேலியோரம் ஒதுங்கியது.

அடுத்து மயில். காளையை நிறுத்திவிட்டார்கள் என்று தெரியாமல் வந்தது. உடும்பு கேட்டு முடிப்பதற்குள் தோகையை விரித்து, "வாகனமாவா? பழனிக்குப் போய்க் கேளு," என்றது. உடும்பு வேலியோரத்தைக் காட்டியது.

"நான் பறந்து போறேன்," என்றது மயில்.

"வாகனம் பறந்தால் அது விமானம்," என்றது கிளி. "அதற்குத் தனிப் பலகை வரும்."

செய்தி பரவியது. அதுவரை வம்சப் பெருமை பேசியவர்களெல்லாம் அன்று ஒரே காலையில் எளிமையானவர்கள் ஆனார்கள். எலி வந்து, "நான் வெறும் எலிங்க," என்றது. "பிள்ளையாருக்கு வாகனம் பெருச்சாளிங்க. மூஞ்சூறுன்னும் சொல்றாங்க. எங்க வீட்டுல அவுங்களோட கொடுக்கல் வாங்கலே கிடையாதுங்க."

"போன சதுர்த்திக்குக் கொழுக்கட்டையில பங்கு கேட்டது நீதானே?" என்றது காளை.

எலியும் வேலியோரத்துக்குப் போனது. போகிற போக்கில் கிளியைப் பார்த்து, "மன்மதனுக்கு வாகனம் ஆருங்க எழுத்தரே?" என்றது.

"அந்தச் சீட்டு என் சீட்டுக்கட்டில் இல்லை," என்றது கிளி.

வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது கழுதை வந்தது.

சலவைக்காரர் மிஷின் வாங்கியதும் விட்டுவிட்ட கழுதை. முதுகில் மூட்டை இல்லாத நாளிலும் மூட்டை இருக்கிற மாதிரியே குனிந்து நடக்கும். அது படலுக்கு முன்னால் வந்து, உடும்பு கேட்பதற்காகக் காத்து நின்றது. உடும்பு கேட்கவில்லை. படலைத் திறந்துவிட்டது.

"என்னைக் கேக்கலீங்களே?" என்றது கழுதை.

"உன்னை என்னத்தைக் கேக்கறது? போ, போ."

"நானும் வாகனந்தானுங்க."

வேலியோரத்தில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மயில் களுக்கென்று சிரித்தது.

"ஆருக்கு?" என்றது உடும்பு.

கழுதை காதுகளைத் தாழ்த்திக்கொண்டது. "மூதேவிக்குங்க. பழைய சிவன் கோயிலுக்குப் பின்னால, விளக்குப் போடாத மூலையில, ஒரு அம்மா கால் ரெண்டையும் தொங்கப்போட்டுக் குந்தியிருப்பாங்க. அவுங்க எம்மேலதான் வருவாங்க. எங்கம்மா சொல்லியிருக்குதுங்க. லட்சுமிக்கே மூத்தவங்களாமுங்க."

உடும்பு கிளியைப் பார்த்தது.

"மூதேவிக்குச் சீட்டே கிடையாது," என்றது கிளி. "யார் எடுப்பார்கள்?"

"ஒரு தடவை நிறுத்திப் பாருங்க," என்று கழுதை கெஞ்சியது. "வேலியோரத்துல இவுங்களோட ஒரு ஓரமா நிக்கறேன். மயிலுக்குப் பக்கத்துலகூட வேண்டாம், எலிக்கு அந்தப் பக்கமே போதும்."

"ஆதாரம் இல்லாமல் யாரையும் தடுக்க முடியாது," என்றது கிளி. "அது பெரிய அநியாயம்."

உடும்பு வாலால் ஒன்று வைத்துக் கழுதையை உள்ளே தள்ளியது. காட்டில் உள்ளே போக அனுமதி கிடைத்து அழுத ஒரே பிராணி அதுதான். இட்டேரியில் கொஞ்ச தூரம் போய், மேய மனமில்லாமல், குறுக்கே நின்றுவிட்டது. அது நின்ற இடத்துக்கு நாலடி தள்ளித்தான் ஆள்காட்டியின் முட்டைகள் இருந்தன.

அப்போது சத்தம் கேட்டது. முதலில் ஒரு வண்டு மாதிரி, பிறகு நூறு வண்டு மாதிரி.

குரங்குகள் வரிசையாக வந்து படலுக்கு முன்னால் நின்றன. முன்னால் வந்தது ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிப் பலகையைப் படித்தது. முகம் வாடியது. "போச்சு மச்சி. வாகனத்துக்குத் தடையாம்."

"நில்லுங்க," என்றது உடும்பு. "இது வாகனமுங்களா?"

குரங்கு ஒரு நொடி யோசித்தது. வேலியோரம் பார்த்தது. அங்கே ஒரு காளை, ஒரு மயில், ஓர் எலி. குரங்குகளுக்கு அறிவு ஒருபோதும் குறைவாக இருந்ததில்லை.

"சே, சே. இது பைக்குங்ணா."

"ஏதாவது சாமியச் சுமக்குதா?"

"எங்களைத்தான் சுமக்குதுங்ணா."

"நீங்க சாமியா?"

"எங்கம்மாகூட அப்படிச் சொன்னதில்லீங்ணா."

உடும்புக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "ஆஞ்சநேயர் உங்க ஆளுதானே? அவர் ராமரைத் தோளில் தூக்கினவராச்சே?"

"சொந்தந்தாங்ணா. ஆனா இப்பப் பேச்சுவார்த்தை இல்லை."

வேலியோரத்திலிருந்து மயில் கத்தியது. "அந்த மூணாவது வண்டியப் பாருங்க! லைட்டுக்கு மேல வேல் ஸ்டிக்கர்! எங்காளு அதுல இருக்காரு! அது வாகனந்தான்!"

மூன்றாவது குரங்கு அவசரமாக ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தது. "செகண்ட் ஹேண்ட்ல வாங்கறப்பவே இருந்துச்சுங்ணா. நாங்க ஒட்டலை."

கிளி குனிந்து பார்த்தது. விளக்கு வெறுமையாக இருந்தது. "இப்போது சரி," என்றது.

இதற்குள் ஆள்காட்டி பறந்து வந்துவிட்டது. "உடும்பண்ணா! இதுகளத்தான் நிறுத்தச் சொன்னேன்! இதுகளுக்குத்தான் பலகையே!"

"அம்மிணி, பலகையில பைக்குன்னு எழுதலையே," என்றது உடும்பு, உண்மையான வருத்தத்தோடு. "எழுதியிருந்தா எங்கப்பன் வந்தாலும் விடமாட்டேன்."

"நான் எழுதச் சொன்னேனே! எழுத்தருதான் வேண்டாம்னாரு!"

கிளி தன் இறகு ஒன்றைச் சரிசெய்தது. "மொழி விஷயத்தில் உணர்ச்சிவசப்படக் கூடாது."

படல் திறந்தது.

ஆள்காட்டி சக்கரங்களுக்கு முன்னால் பறந்தது. சிறகு ஒடிந்தது மாதிரி தரையில் புரண்டது, நொண்டியது, வேறு பக்கம் இழுத்துப் பார்த்தது. நரியையும் நாயையும் நூறு தடவை ஏமாற்றிய வித்தை அது. குரங்குகள் கேமராவைத் திருப்பி அதைப் படம் பிடித்தன. ஆனால் வழியை மாற்றவில்லை. அப்போதுதான் ஆள்காட்டி, இட்டேரி நடுவில் குறுக்கே நிற்கிற கழுதையைக் கவனித்தது.

"அண்ணா!" என்றது. "அண்ணா, அங்கேயே நில்லுங்க! நகந்திராதீங்க! பின்னால எங்கொழந்தைங்க இருக்குதுங்க!"

கழுதையை அதுவரை யாரும் அண்ணா என்று கூப்பிட்டதில்லை. அது காலை அகட்டி வைத்து, தலையைத் தாழ்த்தி நின்றது. இட்டேரியின் அகலமும் கழுதையின் நீளமும் சரியாக இருந்தன; அந்த இடத்தில் வேலியும் பிரிக்க முடியாத அடர்த்தி. ஆள்காட்டியின் கணவன் முட்டைகளின் மேல் இன்னும் கொஞ்சம் அழுந்தி உட்கார்ந்தது.

பைக்குகள் நின்றன. ஹாரன் அடித்தன. கழுதை நகரவில்லை. உறுமின, புகைவிட்டன. கழுதை இருமியது, நகரவில்லை. இரண்டு குரங்குகள் இறங்கி வந்து பின்னால் தள்ளின. ஒன்று உதை வாங்கிக்கொண்டு திரும்பியது.

"எறங்கித் தள்ளுங்க, இழுங்க, அடிங்க. சலவைக்காரரே அடிச்சுப் பாத்துட்டாரு," என்றது கழுதை. அதன் குரலில் இப்போது கொஞ்சம் கம்பீரம்கூட இருந்தது. "அம்மிணி நிக்கச் சொல்லியிருக்குது."

படலுக்கு வெளியே காளை, "பலே!" என்றது. மயில்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தது. கதை இந்த இடத்தில் முடிந்திருந்தால் பள்ளிப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள்.

முன்னால் இருந்த குரங்கு ஹெல்மெட்டைக் கழற்றியது. பைக்கை விட்டு இறங்கி, மெதுவாகக் கழுதையின் காதருகே வந்தது.

"ஏனுங்ணா, எதாச்சும் மனவருத்தமா?"

கழுதை ஒரு காதை மட்டும் திருப்பியது.

"கண்ணெல்லாம் கலங்கியிருக்கே. படல்கிட்ட எதாச்சும் சொல்லிட்டாங்களா?"

கழுதை மூக்கை உறிஞ்சியது. பிறகு, "எல்லாரையும் வாகனம்னு நிறுத்தினாங்க. என்னை மட்டும் போன்னுட்டாங்க," என்றது.

குரங்கு அதிர்ச்சியோடு மற்றக் குரங்குகளைத் திரும்பிப் பார்த்தது. "கேட்டீங்களாடா அநியாயத்தை! அண்ணனை வாகனம் இல்லேன்னுட்டாங்களாம்! இந்த முதுகைப் பாருங்கடா. காளைக்கு ஒரு சாமி, மயிலுக்கு ஒரு சாமி. வருசத்துக்கு ஒரு நாள் ஊர்வலம், அதுவும் மரத்துல செஞ்சு வெச்சதைத் தூக்கிட்டு. அண்ணன் தெனமும் சொமந்தவரு. வாகனம்னா அண்ணந்தாண்டா வாகனம்."

"ஆமாங்ணா," என்றன மற்றக் குரங்குகள். "நீங்கதாங்ணா வாகனம்." ஒன்று அதைப் படமும் எடுத்தது. ஒன்று தன் கழுத்தில் இருந்த கைக்குட்டையைக் கழற்றி, பரிவட்டம் மாதிரி கழுதையின் நெற்றியில் கட்டிவிட்டது.

கழுதையின் காதுகள் மெல்ல நிமிர்ந்தன. நான் கழுதைகளை அதிகம் பார்த்தவள் இல்லை. ஆனால் அப்படி நிமிர்ந்த காதுகளைச் சில கூட்டங்களில், மேடையில் பொன்னாடை போர்த்தும்போது பார்த்திருக்கிறேன்.

"நெசமாவா?" என்றது கழுதை.

"சத்தியமாங்ணா."

"நான் வாகனம்."

"நீங்க வாகனம்."

கழுதை ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டது. பிறகு திரும்பி, ஆள்காட்டியைப் பார்த்து, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து சிரித்தது.

"அம்மிணி, கேட்டியா? நான் வாகனமாம். நான் இங்க நிக்கக் கூடாது. சட்டம்னு ஒண்ணு இருக்குதல்ல?"

"அண்ணா, வேண்டாங்கண்ணா, அண்ணா..."

கழுதை வேலியோரமாக ஒதுங்கி, பைக்குகளுக்கு வழிவிட்டு, ஓர் ஊர்வலம் போகிற நடையில் படலை நோக்கி நடந்தது. உடும்பு அதன் நெற்றியில் இருந்த துணியைப் பார்த்துவிட்டு எழுந்து வழிவிட்டது. காளை நகர்ந்து நிழலில் இடம் கொடுத்தது. கழுதை எல்லோரோடும் வரிசையில் நின்று, உள்ளே போக முடியாததைக் குறித்து அவர்கள் எல்லோரையும்விடச் சந்தோஷமாக இருந்தது.

பின்னால் பைக்குகள் கிளம்பின. "ஆரது வாரது? ஆரது வாரது?" என்ற குரல் அந்தச் சத்தத்துக்கு மேல் கொஞ்ச நேரம் கேட்டது. கணவன் கடைசி நொடியில்தான் எழுந்து பறந்தது. நாலு முட்டையும் போயின. இந்தத் தடவை திரும்பிப் பார்க்கக்கூட யாரும் இல்லை.

மழைக்காலம் முடிந்ததும் காட்டுக் கூட்டம் கூடியது. இட்டேரியில் வாகனப் போக்குவரத்து அடியோடு நின்றுவிட்டதாகக் கிளி அறிக்கை வாசித்தது. அது உண்மைதான். காளை வரவில்லை, மயில் வரவில்லை, எலிகூட வரவில்லை. மேய ஆள் இல்லாத பக்கம் புல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. பைக் ஓடிய பக்கம் புல்லே இல்லை. ஓணான் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. இவ்வளவு நன்றாக நடக்கிற சட்டத்தை இன்னும் நன்றாக நடத்த, இட்டேரி முகப்பில் மொட்டைமாடி வைத்த ஒரு பாதுகாப்பு அலுவலகம் கட்டினார்கள். கட்டியது போக மீந்த சரளைக்கல்லை மாடியில் கொட்டி வைத்தார்கள்.

நீதி: ஒருவரை வழியிலிருந்து விலக்க வேண்டுமானால் தள்ளாதீர்கள்; உதைப்பார். பட்டம் கொடுங்கள்; தானே ஒதுங்கிவிடுவார்.

ஆள்காட்டி இப்போது அந்த அலுவலகத்தின் மொட்டைமாடியில் முட்டையிடுகிறது. அங்கே ஏறுவதற்கு இன்னும் படி கட்டவில்லை.